குருகு முதலில் மீனைப் பார்க்க வேண்டும்: கொரியப் பழிவாங்கல் தொடர் ஒன்றில் குறியீடு

'த க்ளோரி' தொடரில் ஒரு சின்னக் காட்சி. கதாநாயகி வாடகைக்குக் குடியேறும் வீட்டின் உரிமையாளர் ஒரு மூதாட்டி. செடி வளர்ப்பதில் பிரியம் உள்ளவர். எக்காளம் போல நீண்டு விரிந்த பூக்களைக் காட்டிப் பேசுகிறார். பூ தரையைப் பார்த்துத் தொங்கினால் அது தேவதையின் எக்காளம். வானத்தைப் பார்த்து நிமிர்ந்தால் சாத்தானின் எக்காளம். நிமிர்ந்த பூவுக்கு ஏன் அந்தக் கெட்ட பெயர்? வானத்தை நோக்கி ஊதியது கடவுளுக்குத் திமிராகப் பட்டிருக்கும் போல. அவ்வளவுதான், கதை அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது. நான் போகவில்லை. நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருந்த அக்கா மகளிடம், "இந்தப் பூவைக் கவனித்துக்கொள், மறுபடி வரும்" என்றேன்.

"சித்தி, இதெல்லாம் நீங்களாகக் கற்பித்துக்கொள்வதுதானே? பாட்டி செடியைப் பற்றிப் பேசினால் பேசிவிட்டுப் போகட்டுமே" என்றாள் அவள்.

நியாயமான கேள்வி. குறியீடு என்ற சொல்லை நாம் எதற்கெடுத்தாலும் பயன்படுத்தி, அதன் கூர்மையை மழுங்கடித்துவிட்டோம். சட்டை கறுப்பாக இருந்தால் குறியீடு, மழை பெய்தால் குறியீடு, கண்ணாடி உடைந்தால் சொல்லவே வேண்டாம். அவளுக்குச் சொல்லிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். தொடரின் முதல் எட்டு அத்தியாயங்களுக்கு அப்பால் எதையும் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த எட்டுக்குள் அவிழும் முடிச்சுகள் சில இங்கே அவிழும். அதற்கு முன்கூட்டியே மன்னிப்பு.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. கிம் உன்-சுக் எழுதி, ஆன் கில்-ஹோ இயக்கிய இந்தத் தொடரின் முதல் எட்டு அத்தியாயங்கள் 2022 டிசம்பர் 30 அன்று நெட்ஃப்ளிக்ஸில் வந்தன. மீதி எட்டு 2023 மார்ச் 10 அன்று. பள்ளியில் ஐந்து பேர் சேர்ந்து மூன் டோங்-உன் என்ற ஏழைப் பெண்ணை வதைக்கிறார்கள். முடி சுருட்டும் சூட்டுக்கோலால் உடம்பெங்கும் சுடுகிறார்கள். பள்ளியும் காவல் நிலையமும் பணக்காரப் பெற்றோர் பக்கம் சாய்கின்றன. பெற்ற தாயே பணத்தை வாங்கிக்கொண்டு மகளைக் கைவிடுகிறாள். டோங்-உன் படிப்பை விட்டு, ஆலையில் வேலை பார்த்து, பிறகு படித்து, ஆசிரியை ஆகிறாள். பதினெட்டு ஆண்டுகள் திட்டமிட்டு, ஐவரின் தலைவியான பார்க் யோன்-ஜினின் மகள் படிக்கும் வகுப்புக்கே ஆசிரியையாக வந்து நிற்கிறாள். டோங்-உன்னாக நடித்தவர் சோங் ஹே-கியோ, யோன்-ஜினாக லிம் ஜி-யோன். எழுதியவரும் நாயகியும் காதல் தொடர்களால் பேர் பெற்றவர்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பயன்படும்.

இப்போது குறியீட்டுக்கு வருவோம். தெருமுனைப் போக்குவரத்து விளக்கைப் பாருங்கள். சிவப்பு என்றால் நில், பச்சை என்றால் போ. இது அடையாளம். இதற்கு ஒரே பொருள்தான், அதை எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். "சிவப்பு எனக்குத் தாய்மையை உணர்த்துகிறது" என்று போலீஸ்காரரிடம் வாதாட முடியாது. குறியீடு இப்படி வேலை செய்வதில்லை. அதற்கு ஒப்பந்தம் கிடையாது. கதை போகப்போக அது பொருளைச் சேர்த்துக்கொள்கிறது.

நமக்கு இது புதிதல்ல. குறுந்தொகையின் 25ஆம் பாட்டு பலருக்குப் பள்ளியிலேயே அறிமுகம், கபிலர் எழுதியது. அவன் என்னை மணந்தபோது அங்கே யாரும் இல்லை, அவன் மட்டுமே இருந்தான், அவன் சொன்னதை மறுத்தால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. பிறகு நினைவு வந்தவள் போல, ஒரு குருகும், அதாவது கொக்கும், இருந்தது என்கிறாள். தினைத்தாள் போன்ற மெல்லிய பசுங்கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு அது நின்றிருந்தது. இருந்த ஒரே சாட்சி அதுதான். அதன் கண்ணோ மீனின் மேல். அந்தக் குருகு என்னவெல்லாம் என்று சொல்லிக்கொண்டே போகலாம். கைகொடுக்காத சாட்சி, பிறர் துயரம் பற்றிக் கவலையற்ற உலகம், இரை கிடைக்கும்வரை மட்டும் காத்திருந்த தலைவனே கூட. ஆனால் இத்தனைக்கும் முன்னால் அது ஒரு குருகு. அதற்குப் பசிக்கிறது, மீன் வேண்டும். அது தன் வேலையைப் பார்க்கிறது என்பதால்தான் அந்த வரி நெஞ்சில் தைக்கிறது. "அலட்சியத்தின் பறவை ஒன்று அங்கிருந்தது" என்று எழுதியிருந்தால் இரண்டாயிரம் ஆண்டு நின்றிருக்காது. இலக்கணம் எழுதிய முன்னோர் இத்தகைய உத்திகளுக்கு உள்ளுறை, இறைச்சி என்று பெயர் வைத்தார்கள். பெயர் எதுவானாலும் நிபந்தனை ஒன்றுதான்: குருகு முதலில் மீனைப் பார்க்க வேண்டும்.

அந்த நிபந்தனையைப் பூவுக்கு வைத்துப் பார்க்கலாம். தேவதையின் எக்காளம் என்பது ப்ரூக்மான்சியா. தென் அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் தோட்டங்களுக்குப் பரவிய செடி. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போனவர்கள் வேலியோரத்தில் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ கையளவு நீளத்தில் தொங்கும் பூக்களைப் பார்த்திருப்பீர்கள். அதேதான். சாத்தானின் எக்காளம் நமக்கு இன்னும் நெருக்கம்: நம் ஊமத்தை. குட்டைச் செடி, முள் காய், வானத்தைப் பார்க்கும் பூ. இரண்டும் கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் அட்ரோபின், ஸ்கோபாலமின் போன்ற நஞ்சுகள் உண்டு. இரண்டும் இருட்டிய பிறகு மணப்பவை. இரவில் வரும் அந்துப்பூச்சிகளுக்காக.

இந்தத் தகவல் தெரிந்ததும் பாட்டியின் பேச்சு வேறாகக் கேட்கிறது. தேவதைப் பூவிலும் நஞ்சு இருக்கிறது. தலைகுனிந்திருப்பதால் மட்டும் அது நல்ல பெயர் வாங்கிவிட்டது. யாருக்கும் கண்ணில் படாமல், கறுப்பும் சாம்பலுமாக உடுத்தி, தலையைத் தாழ்த்திப் பேசும் டோங்-உன் எந்தப் பூ? நிமிர்ந்து நடந்து, பளிச்சென்ற நிறங்களில் மின்னும் யோன்-ஜின் எந்தப் பூ? உடனே பதில் சொல்லத் தோன்றும், சொல்லாதீர்கள். பழி தீர்க்கும் ஆசிரியை தேவதையா என்று தொடர் நம்மைக் கடைசிவரை விசாரித்துக்கொண்டே இருக்கிறது. அதோடு, வானத்தைப் பார்த்து ஊதுவது என்றால் முறையிடுவது என்றும் கொள்ளலாம் அல்லவா? கடவுளே, நீ எங்கே இருந்தாய் என்று நியாயம் கேட்பவளும் நிமிர்ந்துதான் ஊதுவாள். அது மேலே இருப்பவர்களுக்குத் திமிராகத்தான் படும். நம் ஊரில் இதே நிமிர்ந்த பூ சாத்தானிடம் போகவில்லை, சிவன் தலைக்குப் போயிற்று என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரே பூ, ஓர் ஊரில் திமிர், இன்னோர் ஊரில் வழிபாடு. குறியீட்டுக்கு அகராதி போட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் தொடரில் என்னை முழுதாக வாயடைக்க வைத்தது பூ அல்ல, பாடுக். உலகம் 'கோ' என்று அழைக்கும் விளையாட்டுக்குக் கொரியப் பெயர் அது. 2016 மார்ச்சில் சியோலில் புகழ்பெற்ற கொரிய ஆட்டக்காரர் லீ செடோலை ஒரு கணினி நிரல் 4-1 என்று தோற்கடித்தபோது நம் செய்தித்தாள்களிலும் இந்தப் பெயர் அடிபட்டது. விதி எளிது. 19 நெடுக்குக் கோடு, 19 குறுக்குக் கோடு, 361 சந்திப்புகள். காய்களைக் கட்டத்துக்குள் அல்ல, கோடுகள் சந்திக்கும் இடத்தில் வைக்கிறார்கள். கறுப்புக்கு முதல் முறை. வைத்த காய் நகராது. ஒரு காயை ஒட்டிய நான்கு பக்கமும் எதிரியின் காய்களால் அடைபட்டுவிட்டால் அது வெட்டுப்பட்டு வெளியேறும். நம் ஆடு புலி ஆட்டத்தில் ஆடுகள் புலியைக் கொல்வதில்லை, நகர இடமில்லாமல் அடைக்கின்றன அல்லவா, அந்த உத்தி மட்டுமே முழு விளையாட்டாக விரிந்தால் எப்படியோ அப்படி. முடிவில் யார் அதிக இடத்தை வளைத்தார்களோ அவர்களுக்கு வெற்றி.

வளைத்த அந்த இடத்துக்குக் கொரிய மொழியில் 'ஜிப்' என்று பெயர். ஜிப் என்றால் வீடு.

இதை வைத்துக்கொண்டு கதையைப் பாருங்கள். யோன்-ஜினின் கணவன் ஹா டோ-யோங் கட்டுமான நிறுவனம் நடத்துகிறான். வீடு கட்டுவது தொழில். பொழுதுபோக்கு, பாடுக் மன்றத்தில் உட்கார்ந்து பலகையில் வீடு கட்டுவது. டோங்-உன்னுக்கோ வீடே இல்லை, தாய்வீடு என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை. அவள் ஜூ யோ-ஜோங் என்ற இளம் மருத்துவனிடம் இந்த ஆட்டத்தைக் கற்கிறாள். அவன் சொல்லித்தரும்போது ஆட்டத்தின் சாரத்தைச் சொல்கிறான்: ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி வர வேண்டும், தன் வீட்டைக் கட்டிக்கொண்டே எதிராளியின் வீட்டை உடைக்க வேண்டும், மெல்ல இறுக்க வேண்டும், சத்தமே இல்லாமல், ஆனால் மூர்க்கமாக. அவளுக்கு ஆட்டம் உடனே பிடித்துவிடுகிறது. ஏன் பிடித்தது என்று அவளுக்கும் நமக்கும் தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது.

ஏன் ஓரம்? பாடுக் ஆடுகிறவர்கள் இதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிறார்கள். மூலையில் வீடு கட்டினால் பலகையின் விளிம்பே இரண்டு சுவராகிவிடும். ஓரத்தில் ஒரு சுவர் இலவசம். நடுவில் கட்டினால் நான்கு பக்கமும் நீங்களே எழுப்ப வேண்டும். ஆகவே முதலில் மூலை, பிறகு ஓரம், கடைசியில்தான் நடு. இப்போது டோங்-உன் செய்வதை வரிசையாகப் பாருங்கள். யோன்-ஜின் நடு, அவளை டோங்-உன் தொடுவதில்லை. குழந்தை படிக்கும் பள்ளி ஒரு மூலை. கணவன் போகும் பாடுக் மன்றம் இன்னொரு மூலை. ஐவர் கூட்டத்தில் இருந்துகொண்டே ஏவல் வேலை பார்க்கும் சோன் மியோங்-ஓ மூன்றாவது. கணவனிடம் தினம் அடிபடும் வீட்டுவேலைப் பெண் காங் ஹ்யோன்-நாம் டோங்-உன் தரப்புக் காயாக வந்து சேர்கிறாள். யோன்-ஜினைச் சுற்றியுள்ள ஒவ்வொரு பக்கமும் அடைபட்டுக்கொண்டே வருகிறது, அவளோ அது தெரியாமல் தொலைக்காட்சியில் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பலகையில் மட்டுமல்ல, கதையின் கட்டுமானமே பாடுக்.

குருகு மீனைப் பார்க்கிறதா? பார்க்கிறது. பாடுக் இல்லையென்றால் டோங்-உன் அந்தக் கணவனைச் சந்திக்க வழியே இல்லை. அது முதலில் ஒரு சாவி. கதவைத் திறந்த பிறகுதான் குறியீடு. வீட்டுச் சொல்லைப் பற்றி இன்னொன்று. பாடுக்கில் ஒரு காய்க்கூட்டம் சாகாமல் நிலைக்க உள்ளே இரண்டு தனித்தனி இடைவெளிகள் வேண்டும். கொரியர்கள் அதை 'இரண்டு வீடு' என்பார்கள். அதே மொழியின் அன்றாடப் பேச்சில் 'இரண்டு வீட்டுக் குடித்தனம்' என்றால் திருமணத்துக்கு வெளியே இன்னொரு குடும்பம் வைத்திருப்பது. 'சின்ன வீடு' என்று சொல்லிப் பழகிய நமக்கு விளக்கம் தேவையில்லை. இந்தத் தொடரில் அந்தக் கதையும் உண்டு. எழுதியவர் இதையும் எண்ணித்தான் செய்தாரா என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன், ஆனால் மொழி அங்கே தானாகவே சிரிக்கிறது.

அந்தக் கதைதான் நிறக்குருடுக்கு நம்மைக் கொண்டுபோகிறது. ஐவரில் ஒருவனான ஜோன் ஜே-ஜுன் பெரும் பணக்காரன். சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு காணமுடியாதவன். யோன்-ஜினின் மகள் யே-சோலுக்கும் அதே குறைபாடு. இங்கே ஒரு நிமிடம் உயிரியல் பாடம். இந்தக் குறைபாட்டுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அது பழுதானால் குறைபாடு வந்துவிடும். பெண்ணுக்கு இரண்டு, ஒன்று நன்றாக இருந்தாலே போதும், தப்பிவிடுவாள். ஆகவே ஒரு பெண் குழந்தைக்கு இது வரவேண்டுமென்றால் இரண்டுமே பழுதாக இருக்க வேண்டும். ஒன்று தாயிடமிருந்து வரும். இன்னொன்று தந்தை தன்னிடமுள்ள ஒரே எக்ஸைத் தருவது. ஆக, தந்தைக்கும் நிறக்குருடு இருந்தே ஆக வேண்டும். ஹா டோ-யோங்குக்கு நிறங்கள் நன்றாகத் தெரியும்.

அக்கா மகள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்படியென்றால் அந்தக் குழந்தை..." என்று இழுத்தாள். ஆமாம். டி.என்.ஏ. பரிசோதனை அறிக்கை எதுவும் இல்லாமலேயே, ஒரு குழந்தைக்குப் பச்சை தெரியவில்லை என்பதே ஒரு வீட்டை இடிக்கப் போதுமான வெடிமருந்து.

இது கதையின் இயந்திரம். குறியீடு அதன் மேல் ஏறி உட்கார்கிறது. முதலில் சொன்ன போக்குவரத்து விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். நில், போ என்ற இரண்டும் ஒன்றாகவே தெரிகிற ஒருவன். அவனுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாது. பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்திலும் தெரியவில்லை, பதினெட்டு ஆண்டு கழித்தும் தெரியவில்லை. நிறம் தெரியாதது அவன் குற்றமல்ல. நிறக்குருடு உள்ளவர்கள் வாழ்க்கையில் சிக்னலை ஒழுங்காக மதிக்கிறார்கள், மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்று இடம் பார்த்து. உடற்குறையை ஒழுக்கக் குறைக்கு உவமையாக்குவது எனக்கு எப்போதும் கொஞ்சம் நெருடும் விஷயம், இங்கும் நெருடியது. குழந்தைக்கும் அதே குறைபாடு இருப்பதுதான் காப்பாற்றுகிறது. அவள் எந்தத் தவறும் செய்யாதவள். ஒரே குறை தந்தையிடம் ஒன்றாகவும் மகளிடம் இன்னொன்றாகவும் நிற்கிறது: அவனிடம் குருட்டுத் துணிச்சல், அவளிடம் பெரியவர்களின் பொய் உடம்பில் எழுதிய சாட்சிக் கையெழுத்து.

சில குறியீடுகள் கண்ணுக்கு அல்ல, காதுக்கு. டோங்-உன் தன் மனத்தில் யோன்-ஜினுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அழைப்பு ஒன்றுதான்: "யோன்-ஜினா." மெய்யெழுத்தில் முடியும் பெயரோடு 'ஆ' சேர்த்து அழைப்பது கொரிய வழக்கம், ஒத்த வயதினரையும் இளையோரையும் நெருக்கமாக விளிக்கும் முறை. முருகன் முருகா ஆவதும் கண்ணன் கண்ணா ஆவதும் தெரிந்த நமக்கு அந்த 'ஆ'வின் பாசம் விளக்காமலே பிடிபடும். இத்தனை பாசமான விளியில் இத்தனை வெறுப்பு. ஓரிடத்தில், என் கனவே நீதான் என்கிறாள். கடிதத்தை மட்டும் தனியாகக் கையில் கொடுத்தால் காதல் கடிதம் என்று சத்தியம் செய்வீர்கள். காதல் தொடர் எழுதிய கை என்று சொன்னேனே, அது இங்கே தெரிகிறது. பதினெட்டு ஆண்டு ஒருவரையே நினைத்து, அவருக்காகவே படித்து, அவர் ஊருக்கே குடிவந்து, அவர் வீட்டு ஜன்னலையே பார்த்திருப்பதற்கு நம்மிடம் இருக்கும் ஒரே மொழி காதல் மொழிதான். தொடர் அதை எடுத்துத் தலைகீழாகத் தொங்கவிடுகிறது, அந்தப் பூவைப் போல.

உண்மையான காதலன் வரும்போது அவள் மறுக்கும் விதமும் அப்படித்தான். தனக்கு வேண்டியவன் இளவரசன் அல்ல, தன்னோடு சேர்ந்து வாள் நடனம் ஆடும் 'மங்னானி' என்கிறாள் யோ-ஜோங்கிடம். இன்றைய கொரியப் பேச்சில் மங்னானி என்றால் போக்கிரி. பழைய பொருள் வேறு. ஜோசோன் அரசு காலத்தில் மரண தண்டனைக் கைதியின் தலையை வெட்டுபவனுக்கு அந்தப் பெயர். வெட்டுவதற்கு முன் வாளைச் சுழற்றி ஆடுவான். பல நேரங்களில் அவனே மரண தண்டனை பெற்ற கைதியாக இருப்பான். இந்த வேலையை ஏற்றதால் உயிர் தப்பியவன். இளவரசன் காப்பாற்ற வருவான். மங்னானி ஏற்கெனவே பாதி செத்தவன். யோ-ஜோங்கின் தந்தை கொலை செய்யப்பட்டவர், அந்தக் கொலைகாரனைக் கொல்லும் ஆசையை நாள்தோறும் விழுங்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு திரிபவன் அவன். ஒரு சொல்லில் இவ்வளவும் அடங்கிவிட்டது. மொழிபெயர்ப்பு வரியில் 'கொலையாளி' என்றோ 'தண்டனை நிறைவேற்றுபவர்' என்றோ போட்டுவிட்டால் நடனமும் போச்சு, அந்தப் பாதிச் சாவும் போச்சு.

எல்லாக் குறியீடும் இப்படி வாய்த்துவிடுவதில்லை. யோன்-ஜின் தொலைக்காட்சியில் வானிலை வாசிப்பவள். ஊருக்கெல்லாம் நாளைய மழையைச் சொல்பவளுக்குத் தன் தலைக்கு மேல் திரளும் மேகம் தெரியவில்லை. சரி, புரிந்தது, முதல் தடவை ரசிக்கலாம், மூன்றாம் தடவை கொஞ்சம் சலிக்கும். டோங்-உன் குடியிருக்கும் கட்டடத்துக்கு ஏதேன் வில்லா என்று பெயர். கொரியாவில் வில்லா என்றால் மாளிகை இல்லை. நான்கைந்து மாடி உயரமுள்ள எளிய அடுக்குக் குடியிருப்பு. அந்த முரண் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேவதை, சாத்தான், ஐவரில் ஒருத்தியான, போதகரின் மகளாக வரும் சாரா எல்லாம் ஏற்கெனவே இருக்கும்போது ஏதேன் வேறு எதற்கு? குருகு இங்கே மீனைப் பார்க்கவில்லை, கேமராவைப் பார்க்கிறது.

தலைப்பையும் விட்டுவிடக் கூடாது. பழிவாங்கும் கதைக்கு ஏன் மகிமை என்று பெயர்? கிம் உன்-சுக் பத்திரிகையாளர் சந்திப்பில் இதைச் சொல்லியிருக்கிறார். வன்முறைக்கு ஆளானவர்கள் கேட்பது பணத்தையல்ல, மனமார்ந்த மன்னிப்பை. வன்முறை நடக்கும் நொடியில் கண்ணுக்குத் தெரியாதவை பறிபோகின்றன: மானம், மதிப்பு, மகிமை. மன்னிப்புக் கிடைத்தால்தான் அவர்கள் தொடங்கிய கோட்டுக்கே திரும்ப முடியும். லாபம் இல்லை, வெறும் பூஜ்யம். இந்தக் கதையே அவருடைய மகள் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து வந்தது என்றும் சொன்னார்: நான் ஒருவரை உயிர் போகும் அளவுக்கு அடித்தால் உனக்கு அதிகம் வலிக்குமா, நான் உயிர் போகும் அளவுக்கு அடிபட்டு வந்தால் அதிகம் வலிக்குமா? பதின்ம வயது மகள் தாயிடம் கேட்ட கேள்வி.

கடைசியாக, குறியீடு ஆக்கக் கூடாத ஒன்று. டோங்-உன்னின் தழும்புகள். கையில், காலில், முதுகில். அவற்றை 'கடந்த காலத்தின் குறியீடு' என்று எழுதத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன். 2006இல் கொரியாவின் சோங்ஜு நகரில் ஒரு பள்ளி மாணவிக்கு அவள் சக மாணவிகள் முடி சுருட்டும் கோலால் சூடு வைத்தார்கள். செய்தியில் வந்தது, கற்பனையல்ல. தொடரிலும் அந்தத் தழும்புகள் எதையும் உணர்த்த மெனக்கெடுவதில்லை. அரிக்கின்றன. வெயில் காலத்திலும் நீளக் கைச்சட்டை போட வைக்கின்றன. யோ-ஜோங்கிடம் தன் திட்டத்தை விளக்க வேண்டிய கட்டத்தில் அவள் பேச்சை நிறுத்திவிட்டு உடையை விலக்கிக் காட்டுகிறாள்; அவன் பார்க்கிறான், நாமும் பார்க்கிறோம். அங்கே பொருள் தேடும் ரசிகரைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். நானும் சில நேரம் அந்த ரசிகர்தான்.

முதல் அத்தியாயத்தைத் தனியாக, இரவில் பார்க்க வேண்டாம் என்று அக்கா மகளிடம் சொல்லியிருந்தேன்; உங்களுக்கும் அதுவே. மற்றபடி ஒரு வேண்டுகோள்தான். மொழிமாற்றிய குரலில் பார்க்காதீர்கள். வசனத்தைக் கீழே படித்துக்கொண்டு, ஒலியைக் கொரியனிலேயே விடுங்கள். மொழி தெரிய வேண்டியதில்லை. பாடுக் பலகை வரும்போது 'ஜிப்' என்று ஒரு சொல் காதில் விழும். திரையின் அடியில் 'பரப்பு' என்றோ 'புள்ளி' என்றோ எழுதியிருக்கக் கூடும். அப்போது ஹா டோ-யோங்கின் விரல்களைப் பாருங்கள், எதிரில் இருப்பவள் எந்த மூலையில் காய் வைக்கிறாள் என்பதையும்.